ஒரே காகித ஹெலிகாப்டர், மூன்று விதமான வகுப்பு: ஒரு நிகழ்வு ஆய்வு

ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) செயல்பாடு என்றால் பிள்ளைகளே கண்டுபிடிக்க வேண்டும், ஆசிரியர் வாயைத் திறக்கக் கூடாது என்று ஒரு கட்சி. அதெல்லாம் நேர விரயம், முதலில் ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்துவிட்டு அப்புறம் செய்யச் சொல்லுங்கள் என்று இன்னொரு கட்சி. ஆறு முதல் எட்டு வரை வகுப்பெடுக்கும் எவரும் இந்தச் சண்டையில் ஏதாவது ஒரு பக்கம் நின்றிருப்பார். நாங்கள் மூன்று ஆசிரியர்கள், ஆளுக்கொரு கருத்து. பேசித் தீருகிற விஷயமாகத் தெரியவில்லை. அதனால் ஏழாம் வகுப்பின் மூன்று பிரிவுகளுக்கு ஒரே செயல்பாட்டை மூன்று விதமாக நடத்திப் பார்த்தோம்.

எண்களை வைத்து எதையும் நிரூபிக்கும் முயற்சியாக இதைப் படிக்க வேண்டாம். வகுப்பில் என்ன நடந்தது, ஏற்கெனவே வெளியான ஆய்வுகளோடு அது எங்கே ஒத்துப்போகிறது, எங்கே இடிக்கிறது, அதன் பிறகு பாடத்தை எப்படி மாற்றினோம் என்பதுதான் கீழே இருக்கிறது.

எடுத்துக்கொண்ட செயல்பாடு

காகித ஹெலிகாப்டர். 5 செ.மீ. அகலமும் 20 செ.மீ. நீளமும் உள்ள ஒரு காகிதப் பட்டை போதும். மேல் பாதியை நடுவில் நீளவாக்கில் வெட்டி, ஒரு துண்டை முன்பக்கமும் மற்றதைப் பின்பக்கமும் மடக்கினால் இரண்டு இறக்கைகள். கீழ்ப் பாதியை மடித்து ஒரு ஜெம் கிளிப் மாட்டினால் உடல். உயரத்தில் இருந்து விட்டால் சுழன்றுகொண்டே இறங்கும். புள்ளியியல் அறிஞர் ஜார்ஜ் பாக்ஸ், சோதனைகளை எப்படித் திட்டமிடுவது என்று பொறியாளர்களுக்குக் கற்றுக்கொடுக்க இதே விளையாட்டுப் பொருளைப் பயன்படுத்தியிருக்கிறார். பொறியாளர்களுக்கே போதுமான அளவு சிக்கல் இதில் இருக்கிறது.

இறக்கையின் நீளம், அதன் அகலம், உடலின் நீளம், கிளிப்புகளின் எண்ணிக்கை, காகிதத்தின் தடிமன் என்று மாற்றக்கூடியவை ஐந்து. ஒவ்வொன்றுக்கும் மூன்றே அளவுகள் என்று வைத்தாலும் 243 விதமான ஹெலிகாப்டர்கள் வரும். எல்லாவற்றையும் செய்துபார்த்து விடை காண முடியாது. எதைச் செய்து பார்க்கலாம் என்று யோசித்துத்தான் ஆக வேண்டும்.

இந்த ஐந்தில் மிகவும் குசும்பு பிடித்தது கிளிப்தான். அச்செடுக்கும் சாதாரணத் தாள் சதுர மீட்டருக்கு 80 கிராம். அந்தக் கணக்கில் எங்கள் பட்டையின் எடை 0.8 கிராம்தான். சின்ன ஜெம் கிளிப் ஒன்று கிட்டத்தட்ட அரை கிராம் இருக்கும். அதாவது ஒரே ஒரு கிளிப் மாட்டினாலே மொத்த எடை ஒன்றரை மடங்கைத் தாண்டிவிடும். எடை கூடினால் வேகமாக இறங்க வேண்டும், இறங்கத்தான் செய்கிறது. ஆனால் கிளிப்பே மாட்டாவிட்டால், பல ஹெலிகாப்டர்கள் சுழலாமல் குட்டிக்கரணம் போட்டுச் சட்டென்று கீழே வந்துவிடும். அடியில் கனம் இல்லாததால் நிமிர்ந்து நிற்க முடிவதில்லை. ஆக முதல் கிளிப் காப்பாற்றுகிறது, இரண்டாவது கெடுக்கிறது. "கிளிப் நல்லதா கெட்டதா?" என்று கேட்டால் இரண்டு பதிலுக்கும் வகுப்பிலேயே ஆதாரம் கிடைக்கும்.

மூன்று பிரிவுகள்

அ பிரிவுக்குப் படிப்படியான செய்முறைத் தாள். எதை வெட்டுவது, எந்த உயரத்தில் இருந்து விடுவது, எத்தனை முறை அளப்பது, அட்டவணையில் எந்தக் கட்டத்தில் எழுதுவது, எல்லாம் அதில் இருந்தது. ஆ பிரிவுக்குத் திறந்த சவால்: தாள், கத்தரிக்கோல், கிளிப், ஸ்டாப்வாட்ச் எல்லாம் மேசையில் இருக்கிறது, எது அதிக நேரம் காற்றில் நிற்கிறதோ அதுவே வெற்றி. இ பிரிவுக்கு முதலில் விளக்கம்: எடை என்றால் என்ன, காற்றுத் தடை என்றால் என்ன, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் ஏன் மாற்ற வேண்டும் என்று கரும்பலகையில் பாடம், செய்து காட்டல், பிறகு அவர்களே சோதித்துப் பார்ப்பது.

அ பிரிவைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எல்லோரும் முடித்தார்கள். அட்டவணை நிரம்பியது, வரைபடம் அழகாக வந்தது. நான்காம் படியில் இறக்கையை மாற்றச் சொன்ன தாள், கிளிப்பை ஏன் அப்படியே விட்டுவைக்கச் சொன்னது என்று கேட்டதற்கு "தாளில் அப்படித்தான் போட்டிருக்கு" என்றார்கள். நேர்மையான பதில். ஒரே ஒரு சுவாரசியம்: இறக்கைகளை மாற்றி மடித்தால் சுழலும் திசையும் மாறுகிறது என்பதை ஏறக்குறைய எல்லாக் குழுக்களும் தாங்களாகவே கவனித்துவிட்டன. அதை எழுதத் தாளில் இடம் இல்லை. அதனால் யாரும் எழுதவில்லை.

ஆ பிரிவில் என்ன நடந்தது

பார்க்க வந்தவர் எவராக இருந்தாலும் இந்த வகுப்புக்குத்தான் அதிக மதிப்பெண் போடுவார். ஒருவர்கூட நாற்காலியில் இல்லை. வெட்டுவதும் ஓடுவதும் கத்துவதுமாக, மணி அடித்த பிறகும் போக மனமில்லை. கருத்துத் தாளில் "மறுபடி எப்போது?" என்று எழுதியிருந்தார்கள்.

குழுக்கள் வேலை செய்த விதத்தைக் கூர்ந்து பார்த்தால் வேறு ஒரு கதை தெரிந்தது. ஒரு ஹெலிகாப்டர் சீக்கிரம் விழுந்தால் உடனே இறக்கையை நீட்டினார்கள், கிளிப்பைக் கழற்றினார்கள், மெல்லிய தாளுக்கு மாறினார்கள், மூன்றும் ஒரே அடியில். அடுத்தது நன்றாகப் பறந்தால் அதையே வைத்துக்கொண்டார்கள். வென்ற குழுவிடம் மூன்றில் எது உதவியது என்று கேட்டால் "எல்லாமே". ஒன்று மட்டும் உதவி, மற்றது கெடுத்திருக்கலாம் அல்லவா என்றால், இப்போது அது எதற்கு என்பது போலப் பார்த்தார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. கேட்டது ஜெயிக்கிற ஹெலிகாப்டர், அதைத்தான் செய்து தந்திருக்கிறார்கள்.

கிளிப் விஷயத்தில் நாங்கள் எதிர்பார்த்ததே நடந்தது. கிளிப் இல்லாமல் குட்டிக்கரணம் பார்த்த குழு, கிளிப் போட்டால் மெதுவாக இறங்கும் என்று முடிவு கட்டியது. இரண்டு கிளிப்பில் ஆரம்பித்து ஒன்றாகக் குறைத்த குழு நேர்மாறாகச் சொன்னது. இரு குழுக்களும் அடுத்தடுத்த மேசைகளில்தான் இருந்தன. ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ள எந்தக் காரணமும் இல்லை, போட்டி ஆயிற்றே. வகுப்பின் கடைசிக் கட்டத்தில் எல்லா மேசையிலும் முன்னணியில் இருந்த குழுவின் வடிவமே நகலாகிக் கிடந்தது. பொறியியலில் அது கெட்டிக்காரத்தனம். கற்றலுக்கு அதனால் நஷ்டம்தான், ஏனென்றால் ஒப்பிட்டுப் பார்க்க வேறுபாடே மிச்சம் இல்லை.

இதை லியோனா ஷாபுல், லியோபோல்ட் கிளாப்ஃபர், கல்யாணி ராகவன் மூவரும் 1991ஆம் ஆண்டிலேயே எழுதிவிட்டார்கள். ஐந்தாம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இரண்டு வேலைகள் கொடுத்தார்கள். ஒன்று, கால்வாயில் படகை எப்படி வேகமாகப் போக வைப்பது என்பது. இன்னொன்று, சுருள்வில்லில் பொருள்களைத் தொங்கவிட்டு எது எதைப் பொறுத்து நீள்கிறது என்று பார்ப்பது. முதல் வேலை பிள்ளைகளைப் பொறியாளர்போல நடக்க வைக்கிறது: விரும்பிய விளைவு வரும் வரை மாற்றிக்கொண்டே போவது, வந்ததும் நிறுத்துவது. இரண்டாவது வேலை விஞ்ஞானிபோல நடக்க வைக்கிறது: எதற்கும் எதற்கும் தொடர்பு, எதற்குத் தொடர்பே இல்லை என்று எல்லாப் பக்கமும் தேடுவது. பொறியாளர் மனநிலையில் இருக்கிற பிள்ளை, விளைவைக் கெடுக்கும் என்று நினைக்கிற மாறியை, அதாவது மாற்றிப் பார்க்கக்கூடிய அம்சத்தை, தொட்டே பார்ப்பதில்லை. தொட்டால் தோற்றுவிடுவோமே.

அதனால் ஆ பிரிவின் விளைவைத் திறந்த முறையின் தலையில் மட்டும் கட்டுவது சரியில்லை என்பது என் கணிப்பு. நாங்கள் கொடுத்த அந்த ஒற்றை வாக்கியம், "அதிக நேரம் நிற்பதே வெற்றி", பாதி வேலையைச் செய்துவிட்டது. ரோபோ கிட் வைத்து நடத்தும் வகுப்புகளிலும் இதே கதைதான் நடக்கிறது. வண்டி ஓடிவிட்டால் எல்லோரும் கை தட்டுகிறார்கள், ஏன் ஓடியது என்ற கேள்வி அத்தோடு செத்துப்போகிறது.

இ பிரிவில் என்ன நடந்தது

சோதனைகள் மிகச் சுத்தமாக இருந்தன. ஒன்றை மட்டும் மாற்றினார்கள், மற்றதைப் பிடித்துவைத்தார்கள், ஏன் என்று கேட்டால் சொல்லவும் தெரிந்தது. இது சின்ன விஷயம் இல்லை.

இந்த இடத்தில் டேவிட் கிளாரும் மிலேனா நிகமும் 2004இல் வெளியிட்ட ஆய்வைச் சொல்லியாக வேண்டும். மூன்றாம், நான்காம் வகுப்புப் பிள்ளைகள் 112 பேர். சாய்தளத்தில் பந்தை உருட்டி, சரிவு, மேற்பரப்பின் தன்மை, ஓடும் தூரம், பந்தின் வகை ஆகியவற்றை மாற்றிப் பார்க்கும் சோதனை. பாதிப் பேருக்கு நல்ல ஒப்பீடு எது, குழப்பமான ஒப்பீடு எது என்று ஆசிரியர் காட்டி விளக்கினார். மீதிப் பேர் அதே பொருள்களை வைத்துத் தாங்களாகவே முயன்றார்கள். விளக்கம் கேட்டவர்களில் 77 விழுக்காட்டினர் ஒன்றை மட்டும் மாற்றும் உத்தியைப் பிடித்துக்கொண்டார்கள். தாங்களாக முயன்றவர்களில் 23 விழுக்காட்டினர்தான் அங்கே வந்துசேர்ந்தார்கள். பிறகு வேறு பிள்ளைகளின் அறிவியல் சுவரொட்டிகளைக் கொடுத்துக் குறை கண்டுபிடிக்கச் சொன்னபோது, உத்தியைப் பிடித்துக்கொண்டவர்கள் எந்த வழியாக வந்திருந்தாலும் ஒரே தரத்தில் செய்தார்கள். தானாகக் கண்டுபிடித்தால் ஆழமாகப் பதியும் என்று நம்புகிறவர்களுக்கு இது கசப்பான செய்தி. அந்தத் 'தானாக' குழுவுக்கு எந்தக் கேள்வியும் கேட்கப்படவில்லை, எந்தத் திருத்தமும் சொல்லப்படவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அவ்வளவு அம்போவென்று எந்த ஆசிரியரும் வகுப்பை விடுவதில்லை.

மூன்று ஆண்டுகள் கழித்து டேவிட் டீனும் டியானா கூனும் இதற்கு ஒரு நீட்சி எழுதினார்கள். நான்காம் வகுப்புப் பிள்ளைகளை மாதக் கணக்கில் பின்தொடர்ந்து பார்த்ததில், விளக்கம் மட்டும் கேட்டுவிட்டுப் பயிற்சி இல்லாமல் விடப்பட்டவர்களிடம் அந்த உத்தி நிலைக்கவில்லை. மீண்டும் மீண்டும் சிக்கல்களோடு மல்லுக்கட்டியவர்களிடம் நிலைத்தது. சொல்லிக்கொடுத்தது சீக்கிரம் வருகிறது, ஆனால் செய்துகொண்டே இருந்தால்தான் தங்குகிறது.

சரி, இ பிரிவின் குறை என்ன? விளக்கம் முதலில் வந்துவிட்டதால் சோதனை என்பது சரிபார்ப்பாக மாறிவிட்டது. எடை குறைந்தால் மெதுவாக இறங்கும் என்று பலகையில் எழுதியிருக்கிறது. கிளிப் இல்லாத ஹெலிகாப்டரோ குட்டிக்கரணம் அடித்து முதலில் விழுகிறது. அந்த முடிவை ஒரு குழு எழுதவே இல்லை. "நாங்க தப்பா விட்டுட்டோம் மிஸ்" என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டார்கள். அந்த வகுப்பிலேயே சுவையான முடிவு அதுதான், குப்பைக்குப் போயிற்று.

அளவீட்டுத் தொல்லை

மூன்று பிரிவுக்கும் பொதுவான ஒரு சங்கடத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எந்த முறையில் நடத்தினாலும் இது காலை வாரும். 2 மீட்டர் உயரத்தில் இருந்து விட்டால் இந்த ஹெலிகாப்டர் ஏறத்தாழ 2 நொடியில் தரையைத் தொட்டுவிடும். கண்ணால் பார்த்துக் கையால் ஸ்டாப்வாட்சை அழுத்த மனிதருக்கு 0.2 நொடி அளவுக்குத் தாமதம் ஆகும், அதுவும் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருக்காது. இறக்கையைச் சற்றே குட்டையாக்கினால் வரும் வித்தியாசமும் அதே அளவுதான். பிள்ளைகள் நொடியில் நூறில் ஒரு பங்கு வரை எழுதி, அதை வைத்து வெற்றி தோல்வி அறிவிக்கிறார்கள். கருவியின் திரையில் தெரிகிற கடைசி இலக்கத்தை நம்பக் கூடாது என்பது இந்த வயதில் கற்றுக்கொடுக்க வேண்டிய முக்கியமான பாடம். செய்முறைத் தாளில் "மூன்று முறை அளந்து சராசரி எடு" என்ற ஒரு வரியாக அது சுருங்கிப்போகிறது.

எளிய தீர்வு ஒன்று இருக்கிறது. ஸ்டாப்வாட்சைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு, இரண்டு ஹெலிகாப்டர்களை ஒரே உயரத்தில் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து ஒன்றாக விடுவது. எது முதலில் விழுந்தது என்பதைக் கண்ணும் காதும் தெளிவாகச் சொல்லிவிடும். ஒப்பீடு என்றால் என்ன என்பதும் கண் முன்னாலேயே நடக்கிறது.

சில வாரங்கள் கழித்து

மூன்று பிரிவுகளுக்கும் ஒரே மாதிரி இரண்டு கேள்விகள் கொடுத்தோம். முதலாவது, கற்பனை மாணவர் ஒருவர் செய்த காகித விமானச் சோதனையின் சுவரொட்டி. விமானத்தின் நீளத்தையும் தாளையும் சேர்த்து மாற்றிவிட்டு, "நீளமான விமானம் தூரம் போகும்" என்று முடிவு எழுதியிருப்பார். இ பிரிவில் பலர் பிடித்துவிட்டார்கள். ஆ பிரிவில் சிலர். அ பிரிவில் அதைவிடக் குறைவு. ஒன்றை மட்டும் மாற்றும் சோதனையைப் பிசகில்லாமல் செய்து முடித்தது அ பிரிவுதான் என்பதை நினைத்துப் பார்த்தால் இது கொஞ்சம் திகைப்பாகத்தான் இருக்கிறது. செய்த கைக்கும் யோசிக்கிற தலைக்கும் நடுவே செய்முறைத் தாள் நின்றுவிட்டது.

இரண்டாவது கேள்வி பாராசூட் பற்றியது. சுமையை இரண்டு மடங்காக்கினால், பழைய வேகத்திலேயே இறங்கக் குடையை என்ன செய்ய வேண்டும்? பரப்பை இரண்டு மடங்காக்க வேண்டும். இதில் எந்தப் பிரிவும் தேறவில்லை. இ பிரிவுப் பிள்ளைகள் "எடை", "காற்றுத் தடை" என்ற சொற்களைச் சரியாகப் போட்டு, "குடையைப் பெரிதாக்க வேண்டும்" என்று எழுதி நிறுத்திக்கொண்டார்கள். எவ்வளவு பெரிதாக என்பது கேள்வியாகவே அவர்களுக்குத் தோன்றவில்லை. எடை தனி, பரப்பு தனி; இரண்டுக்கும் இடையே உள்ள விகிதம்தான் விஷயம் என்பது உள்ளே போகவில்லை.

டேனியல் ஷ்வார்ட்ஸும் உடன் பணியாற்றியவர்களும் 2011இல் வெளியிட்ட ஆய்வு இதை அப்படியே விளக்குகிறது. வளரிளம் பருவ மாணவர்கள் 128 பேர், பாடம் அடர்த்தி போன்ற விகிதக் கருத்துகள். ஒரு பிரிவுக்குச் சூத்திரத்தை முதலில் சொல்லிவிட்டுப் பயிற்சி. இன்னொரு பிரிவுக்கு, கவனமாகத் தேர்ந்தெடுத்த எடுத்துக்காட்டுகளைக் கொடுத்து, அவற்றை ஒப்பிட்டு அவர்களே ஒரு சூத்திரம் உருவாக்க வேண்டும். சரியானது எது என்று பிறகுதான் சொல்லப்படும். வழக்கமான கணக்குகளில் இரண்டு பிரிவும் சமம். ஆனால் சுருள்வில்லின் விறைப்பு போல வெளித்தோற்றத்தில் சம்பந்தமே இல்லாத இடத்தில் அதே விகிதத்தை அடையாளம் காண்பதில், முதலில் முயன்றவர்கள் முந்தினார்கள். சூத்திரத்தை முன்னமே கையில் கொடுத்துவிட்டால் பிள்ளை அதைப் போட்டுப் பார்ப்பதில் முனைகிறது, எடுத்துக்காட்டுகளுக்குள் என்ன ஒளிந்திருக்கிறது என்று பார்ப்பதில்லை.

எங்களுக்குப் புரிந்தது

எந்த முறை சிறந்தது என்று நாங்கள் கேட்ட கேள்வியே பெரிய மூட்டையாக இருந்தது. ஒரு செயல்பாட்டுக்குள் குறைந்தது மூன்று தனித்தனிச் சரக்குகள் இருக்கின்றன. நியாயமாக ஒப்பிடுவது எப்படி என்பது ஓர் உத்தி. அதை நேராகச் சொல்லிக்கொடுப்பதே நல்லது, பிறகு பலமுறை பழக வேண்டும். எடைக்கும் பரப்புக்கும் உள்ள விகிதம் ஒரு கருத்து. அதைப் பிள்ளைகள் முதலில் தடுமாறித் தேடி, விளக்கம் பின்னால் வர வேண்டும். மடிப்பது, வெட்டுவது, ஒன்றாகக் கைவிடுவது கைப்பழக்கம். அதைக் கண்டுபிடிக்க விடுவதில் எந்தப் புண்ணியமும் இல்லை, காட்டிவிட்டுப் போக வேண்டியதுதான். 2011இல் லூயி அல்ஃபியரியும் மற்றவர்களும் 164 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும், துணையே இல்லாத கண்டறிதல் நேரடி விளக்கத்தைவிடப் பின்தங்கியது, துணையோடு கூடிய கண்டறிதல் மற்ற முறைகளைவிட முந்தியது என்றே தெரிந்தது. எங்கள் ஏழாம் வகுப்பில் பார்த்ததும் இதைத்தான். துணை எந்த இடத்தில், எந்தச் சரக்குக்கு என்பதில்தான் விவரம் இருக்கிறது.

மாற்றி அமைத்த பாடம்

அடுத்து வந்த ஏழாம் வகுப்புக்கு வரிசையை மாற்றினோம். நியாயமான ஒப்பீட்டை முதல் பத்து நிமிடத்தில் நேராகவே சொல்லிவிட்டோம், ஆனால் ஹெலிகாப்டரை வைத்து இல்லை. சாய்தளமும் பந்தும் கொண்டுவந்து, சரிவையும் பந்தையும் சேர்த்து மாற்றிய ஒரு மோசமான ஒப்பீட்டைக் காட்டி, "இதிலிருந்து சரிவைப் பற்றி ஏதாவது சொல்ல முடியுமா?" என்று கேட்டு, முடியாது என்பதற்குக் காரணத்தையும் விளக்கினோம்.

அப்புறம் அந்த வெற்றி வாக்கியத்தைத் தூக்கினோம். புதிய வேலை இது: நாங்கள் ஒரு மாதிரி ஹெலிகாப்டர் வைத்திருப்போம். அதைவிடச் சற்று முன்னால் விழுகிற ஒன்று, சற்றுப் பின்னால் விழுகிற ஒன்று, அதனோடு ஒன்றாகவே விழுகிற ஆனால் தோற்றத்தில் வேறான ஒன்று, மூன்றும் செய்து காட்ட வேண்டும். கூட்டவும் குறைக்கவும் தெரிந்தால்தான் இதில் தப்பிக்க முடியும். கெடுக்கிற மாறியையும் தொட்டுப் பார்த்தே ஆக வேண்டும். மூன்றாவது ஹெலிகாப்டர்தான் உண்மையான பாடம். கிளிப்பைக் கூட்டிவிட்டு வேறெங்கோ ஈடுகட்டினால்தான் அது வரும். போட்டி போனதும் குழுக்கள் ஒன்றோடு ஒன்று பேச ஆரம்பித்தன. "கிளிப் இல்லாம விட்டீங்களா? எங்களுது புரண்டு விழுது" என்ற பேச்சு மேசைக்கு மேசை போயிற்று.

இந்தச் சுற்றில் ஒரு குழு கேட்ட கேள்வி எங்கள் மூவரையும் மடக்கியது. "இறக்கையை வெட்டினா எடையும் குறையுதே, அப்ப ரெண்டை மாத்தின மாதிரி ஆயிடாதா?" கணக்குப் போட்டால் அவர்கள் சொல்வது சரி. 2.5 செ.மீ. அகலமுள்ள இரண்டு இறக்கைகளிலும் 2 செ.மீ. வெட்டினால் 10 சதுர செ.மீ. தாள் போகிறது, அதாவது 0.08 கிராம், பட்டையின் எடையில் பத்தில் ஒரு பங்கு. பரப்பு குறைவது வேகத்தைக் கூட்டுகிறது, எடை குறைவது வேகத்தைக் குறைக்கிறது. இரண்டும் எதிரெதிராக இழுக்கின்றன. அரைமணி நேரத்துக்கு முன்னால் நாங்கள் சொல்லிக்கொடுத்த "ஒன்றை மட்டும் மாற்று" என்ற விதியை அப்படியே இங்கே கடைப்பிடிக்க முடியாது. பதிலை நாங்கள் சொல்லவில்லை. வெட்டிய துண்டை உடலில் ஒட்டிவிட்டால் எடை மாறாது என்று அதே குழுவில் ஒரு மாணவி சொன்னார், ஒட்டிப் பார்த்தார்கள். ஒட்டும் டேப்புக்கும் எடை உண்டே என்று இன்னொரு பையன் ஆரம்பித்தான். அந்த வாக்குவாதத்தை நிறுத்த எனக்கு மனம் வரவில்லை, ஆனால் மணி அடித்துவிட்டது. விதியை முன்கூட்டியே சொல்லிக்கொடுத்திராவிட்டால் அந்தக் கேள்வியே பிறந்திருக்காது என்பது நேரடி விளக்கத்தை வெறுக்கிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம்.

விகிதத்துக்கு ஹெலிகாப்டரை விட்டுவிட்டுக் காகிதக் கூம்புக்கு மாறினோம். சுழற்சி இல்லை, குட்டிக்கரணம் இல்லை. ஒரே அளவுள்ள கூம்புகளை ஒன்றுக்குள் ஒன்று அடுக்கினால் பரப்பு மாறாமல் எடை மட்டும் இரண்டு, மூன்று, நான்கு மடங்காகும். நான்கு அடுக்கு, ஒற்றைக் கூம்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் இறங்கும். ஒற்றையை ஓர் உயரத்திலும் நான்கு அடுக்கை அதைப் போல் இரு மடங்கு உயரத்திலும் பிடித்து விட்டால் ஏறத்தாழ ஒரே நேரத்தில் தரையைத் தொடும். அடுத்து, அதே தாளில் விட்டம் இரண்டு மடங்காக, அதே வடிவத்தில் ஒரு பெரிய கூம்பு. எது முதலில் விழும்? பெரியது கனமானது, அதுதான் என்று ஒரு பாதி. பெரியதற்குக் காற்றுத் தடை அதிகம், சின்னதுதான் என்று மறுபாதி. விட்டால் இரண்டும் சேர்ந்தே இறங்குகின்றன, ஏனென்றால் எடையும் நான்கு மடங்கு, பரப்பும் நான்கு மடங்கு. இந்த நான்கைந்து கூம்புகளை வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுங்கள், ஒரே எண் உள்ளவை ஒன்றாக விழ வேண்டும் என்று கேட்டோம். எடையைப் பரப்பால் வகுக்கும் யோசனைக்குச் சில குழுக்கள் தாமாக வந்தன. வராதவர்களும் விளக்கம் வந்தபோது காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்கள்.

எல்லாம் சுகமாக நடந்துவிடவில்லை. எண் கொடுக்கும் கட்டத்தில் சில குழுக்கள் அப்படியே உட்கார்ந்துவிட்டன. ஷ்வார்ட்ஸ் குழுவின் இரண்டாவது சோதனையில் நன்றாகப் படிப்பவர், பின்தங்கியவர் இருவருமே பயனடைந்ததாக முடிவு வந்தது. எங்கள் வகுப்பில் அது அவ்வளவு சீராக இல்லை. எடைக்கு ஒரு நிரல், பரப்புக்கு ஒரு நிரல், மூன்றாவது நிரல் காலி என்று ஓர் அட்டவணை வரைந்து கொடுத்த பிறகுதான் அந்தக் குழுக்கள் நகர்ந்தன. கூடுதலாக ஒரு பாடவேளையும் செலவாயிற்று. ஒரு செயல்பாட்டுக்கு இவ்வளவு நேரமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், ஆண்டுக்குப் பத்து செயல்பாடு செய்வதற்குப் பதில் ஐந்து செய்யலாம் என்பதுதான். எல்லோரும் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

கருத்துத் தாளில் இந்த வகுப்புக்கு ஆ பிரிவு அளவுக்குப் பாராட்டு வரவில்லை. "கடைசி வரைக்கும் எது சரின்னு சொல்லவே இல்லை" என்ற புகார் இருந்தது. 2019இல் லூயி டெலோரியே தலைமையில் ஹார்வர்டில் நடந்த ஓர் ஆய்வு, இயற்பியல் படிக்கும் கல்லூரி மாணவர்களிடம் இதையே காட்டியது: தாங்களே முயன்று படித்த வகுப்பில் உண்மையில் அதிகம் கற்றார்கள், ஆனால் சரளமான சொற்பொழிவு கேட்டபோதுதான் அதிகம் கற்றதாக உணர்ந்தார்கள். கருத்துத் தாளை வைத்து முறைகளைத் தரம் பிரிக்கிற நிர்வாகங்கள் இதைக் கவனிப்பது நல்லது.

எங்கள் ஒப்பீட்டின் வரம்புகள் வெளிப்படையானவை. மூன்று பிரிவுக்கும் ஆசிரியர் வேறு, பிரிவுகளைக் குலுக்கிப் போட்டுப் பிரிக்கவில்லை, மாற்றிய பாடம் வேறு பிள்ளைகளுக்கு நடந்தது. இ பிரிவின் சுத்தமான சோதனைகளுக்கு அதை நடத்தியவரின் கறார்த்தனமும் ஒரு காரணமாக இருக்கலாம்.

மதிப்பெண் போடும் முறையும் மாறிவிட்டது. காற்றில் நின்ற நேரத்துக்கு இப்போது மதிப்பெண் கிடையாது. ஓர் ஒப்பீட்டை எப்படித் திட்டமிட்டார்கள் என்பதற்கும், எதிர்பார்த்ததற்கு மாறாக வந்த ஒரு முடிவை எழுதி அதற்குக் காரணம் தேடியதற்கும்தான் மதிப்பெண். குட்டிக்கரணம் போட்ட ஹெலிகாப்டர்கள் அதன் பிறகு குறிப்பேட்டில் நிறையவே இடம்பிடித்தன. ஆ பிரிவை நடத்திய நண்பர் மட்டும் இன்னும் இறங்கிவரவில்லை. கொஞ்ச நேரமாவது விளையாடாமல் பிள்ளைகளுக்குக் கேள்வியே வராது என்கிறார். அதற்காகத் தொடக்கத்தில் பத்து நிமிடம் ஒதுக்கியிருக்கிறோம், தயார் நிலையில் உள்ள ஹெலிகாப்டர்களை விட்டுப் பார்ப்பதற்கு மட்டும். கத்தரிக்கோல் அதற்கப்புறம்தான் மேசைக்கு வரும்.